எண்ணூருக்கு ஏற்ற தோட்டா

மாமு,

யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சும்மா இல்லை. மாலை போட்ட உன் படத்துக்கு நேரே வலது கையை நீட்டி, வானமும் வங்கக்கடலும் எண்ணூர்ப் புகைபோக்கிகளும் சாட்சியாக. நாளை உன் பதினாறாம் நாள் காரியம். பந்தி முடிந்ததும் நான் பேச வேண்டுமாம். கேட்டது உன் மூத்த மகள் தேவி.

வாக்கை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். "இது இன்னாது மாமா? அப்பா யாரையும் தொட வுட்டதில்ல" என்றாள். மூடியைத் திறந்தேன். மஞ்சள் ஃபிளானல் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தாய். பக்கத்தில் நீளக் கம்பி வைத்த ஒரு பித்தளைப் பிரஷ். அவ்வளவுதான். ஆனால் அந்த வாசனை! மண்ணெண்ணெயில் வாழைப்பழத்தை ஊறப்போட்டது மாதிரி, துப்பாக்கி துடைக்கிற எண்ணெய்க்கு மட்டுமே உள்ள வாசனை. இத்தனை வருடம் கழித்தும் அது செத்திருக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தேவி சமாதானமாகவில்லை. குரலை இறக்கிக் கேட்டாள். "மாமா, நீ சொல்ற யானைக் கத எல்லாம் சின்ன வயசுலேர்ந்து கேட்டாச்சி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அப்பா மெய்யாலுமே அன்னிக்கு யார்டு கேட்ட தெறந்து போட்டுட்டாரா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல். அவளிடம் சொல்வதற்கு முன் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னை நான் முதன்முதலில் பார்த்தது எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த கன்டெய்னர் யார்டில். நான் அங்கே ஸ்டாக்கர் ஓட்டினேன். நாற்பது அடிப் பெட்டியைத் தீப்பெட்டி மாதிரித் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டி. அதன் கேபினில் உட்கார்ந்தால் நான் சக்கரவர்த்தி. கீழே கேட்டில், காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, புதிதாக வந்த நீ.

வெறும் வாட்ச்மேன் இல்லை நீ. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு துப்பாக்கிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஜமீன்தார் வீட்டு ரைஃபிள்களைத் துடைத்தவன். நம் முதலாளி உன்னைப் பிடித்து வந்ததே அதற்காகத்தான். அவருக்குத் தாத்தா விட்டுப்போன ஒரு பெரிய ரைஃபிள் இருந்தது. யானை, காட்டெருமை என்று பெரிய உருவங்களுக்காகச் செய்தது. அதன் லைசன்ஸில் முதலாளி பெயருக்குக் கீழே, அவருக்காக அதைத் தூக்கிச் செல்லலாம் என்று உன் பெயரும் ஏறியது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து நீ சட்டைப்பையில் வைத்திருந்தாய். கல்யாணப் பத்திரிகையைக்கூட எவனும் அப்படி வைத்துக்கொள்ள மாட்டான்.

தேர்தல் வந்தால் ஊரில் உள்ள லைசன்ஸ் துப்பாக்கி எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நீ அதைக் கோடு போட்ட பெட்ஷீட்டில் சுற்றி ஷேர் ஆட்டோவில் எடுத்துப்போவாய். "பிரேக் மெதுவா புடி நைனா, உள்ள வயசானவரு கீறாரு" என்று ஆட்டோக்காரரிடம் சொல்வாயாம். திருவொற்றியூர் முழுக்கத் தெருவின் இரு பக்கமும் ஜனங்கள் நின்று உனக்குப் பூ தூவியதாக நான் சொல்லித் திரிவேன். ஒரு கிழவர் மட்டும் ஆட்டோவில் உன்னிடம், "பொணமா?" என்று கேட்டாராம். அதை நீதான் சொன்னாய்.

ஒருநாள் முதலாளி காரில் ஏறிக்கொண்டே உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். "இந்தத் தாத்தா ரைஃபிள மாத்திட்டு இன்னும் பெருசா ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன். நம்ம ஊருக்கு எந்தத் தோட்டா சரியா வரும்னு யோசிச்சுச் சொல்லு." கார் போய்விட்டது. எண்ணூரில் எந்த யானை இருக்கிறது, எதற்குத் தோட்டா என்று வேறு எவனாக இருந்தாலும் சிரித்திருப்பான். நீ அதை அரச கட்டளையாக எடுத்துக்கொண்டாய். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாய். உள்ளே பெரிய எழுத்தில் 'எண்ணூர்' என்று எழுதி அடிக்கோடு போட்டாய்.

அடுத்த ஒரு வருடம் நம் காலை நாஸ்டா நேரம் முழுக்க ஆலோசனை சபைதான். வடகறியும் செட் தோசையும் நடுவே, கன்டெய்னர் நிழலில், உலகத்தின் பெரிய தோட்டாக்களை வரிசையாக நிற்கவைத்து நேர்காணல் நடத்தினோம்.

தோட்டாவின் பருமனைச் சொல்லும் எண்தான் அதற்குப் பெயர். எனக்கு எப்போதும் எல்லாவற்றிலும் பெரியதுதான் வேண்டும். "ஃபைவ் செவன்டி செவன்தான் மாமு. ஒண்ணு வுட்டா எண்ணூர்ல நிக்கிற யானை பழவேற்காட்டுல போய் வுழணும்" என்பேன்.

"மொதல்ல நீ வுழுவ. அது ஒதைக்கிற ஒதைல தோள்பட்ட கயண்டு ராயபுரத்துக்குப் பூடும். யானை நின்னு சிரிச்சிகினு இருக்கும்."

"சரி, மொதலாளி ஆசப்படற ஃபோர் ஃபிஃப்டி எய்ட்டு?"

அப்போதுதான் தோசையைக் கீழே வைப்பாய். "கேளு. அது நேரா குழாய் மாதிரி குட்டையான கூடு. வெடிமருந்த அமுக்கி அமுக்கி திணிச்சிருப்பான். நம்ம வெயில்ல அது சூடாவும். சூடான மருந்து கோவக்காரன் மாமு, சொன்னதுக்கு மேல ஒதைப்பான். பித்தளக் கூடு உப்பிகினு உள்ளயே சிக்கிக்கும். யானை எதுக்க வந்துகினு கீது, நீ உள்ள வுட்டு நோண்டிகினு கீற. எப்டி?"

"பேஜாருதான்."

"இதுல கடல் உப்பு வேற. ஆலைச் சாம்பல் வேற. கொடில காயப்போட்ட சட்டையே இங்க ஒரு மணி நேரத்துல சாம்பலாயிடுது. அதான் தாத்தாவோட த்ரீ செவன்டி ஃபைவே போதும்ன்றேன். அடி பெருத்து நுனி சிறுத்த கூடு, கோன் ஐஸு மாதிரி. சிக்கவே சிக்காது. சும்மா இழுத்தா வழுக்கிகினு வந்துடும்."

"பாக்க சின்னதா கீதே மாமு."

"உன்ன மாதிரி ஆளுக்கு எல்லாமே பாக்கறதுக்குத்தான்" என்றாய். சிரிக்காமல் சொன்னாய். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

நோட்டு நிறைந்தது. அந்த ஆயுத பூஜை அன்று முதலாளி கையில் கொடுப்பதாக முடிவு செய்தாய்.

இனி வருவதுதான் யாரும் நம்பாத பகுதி. எத்தனை கல்யாணத்தில், எத்தனை காதுகுத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன்! என் கதையில் வருவது யானை. அந்தமானில் மதம் பிடித்து, கடலில் குதித்து, மூன்று நாள் நீந்தி, எண்ணூர் முகத்துவாரத்தில் கரையேறிய ஒற்றைக் கொம்பன். அது வழியில் இரண்டு கப்பலை முட்டிச் சாய்த்தது. யார்டுக்குள் வந்து கன்டெய்னரைப் பொரி மாதிரி வாரி வாயில் போட்டுக்கொண்டது. நீ ஏழு குண்டு சுட்டாய். ஏழாவது குண்டு யானையின் ஒரு காதில் நுழைந்து, இன்னொரு காதில் வெளியே வந்து, பேசின் பிரிட்ஜில் ஒரு ரயிலை நிறுத்தியது. ஜனங்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார்கள். நீயும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்தபடி சிரித்திருக்கிறாய்.

நடந்தது உனக்குத் தெரியும்.

அன்று வண்டிகளைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தோம். மூன்று ஸ்டாக்கர்கள். மூன்று டிரைவர்களும் கேபினில் ஏறி உட்கார்ந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் காத்திருந்தோம். ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு, பூசணிக்காய், பொரிகடலை. அலமாரியிலிருந்து எடுத்த ரைஃபிள் சிவப்புத் துணிமேல் படுத்திருந்தது. பூசாரி குழாய்க்குள் சந்தனம் அப்பப் போனபோது அவர் கையை நீ பிடித்துக்கொண்டாய். "சாமி, மூக்குல மட்டும் வேணாம்" என்றாய். தாத்தா காலத்துத் தோட்டாக்கள் மூன்று பக்கத்தில் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் குங்குமம். அவற்றின் அடியில் உன் நோட்டு.

முதலாளியின் விருந்தாளிகள் காரில் வந்துகொண்டே இருந்ததால், கேட்டைத் திறந்தே வைக்கும்படி அவரே உன்னிடம் சொன்னார். அவர் சொன்னது மேலே கேபினில் என் காதிலும் விழுந்தது. திறந்திருந்த அந்தக் கேட் வழியாகத்தான் பேபி உள்ளே வந்தது.

பேபி, யார்டுக்குப் பின்னால் நாலு எருமை வைத்துப் பால் கறந்த கன்னியம்மாவின் எருமை. சாதுவான பிராணி. வாழை இலை வாசனைக்கு வந்தது. விருந்தாளிகளுக்கு நடுவே ஒரு தாசில்தார் மாதிரி நடந்துவந்து, என் வண்டியில் கட்டியிருந்த வாழைக்கன்றை மெல்ல ஆரம்பித்தது. தின்றுவிட்டுப் போயிருக்கும்.

அப்போது ஹாரன் அடித்தது.

ஸ்டாக்கர் ஹாரன் என்றால் காது செவிடாகும். என் கதையில் இந்த இடத்தை நான் விசேஷமாகச் சொல்வேன். "நான்தான் அடிச்சேன்! அடிச்ச அடி எமலோகம் வரிக்கும் கேட்டுது. எமதர்மன் திரும்பிப் பாக்கறான், வாகனத்தக் காணம்!" என்பேன். பந்தியில் அதிகம் சிரிப்பது அங்கேதான். "வுட்டான் பாரு பீலா" என்று கத்துவார்கள்.

பேபி மிரண்டது. கொம்பில் வாழைக்கன்று சிக்கிக்கொண்டது. முகத்துக்கு முன்னால் எதுவோ ஆடுகிறது, எங்கே ஓடினாலும் கூடவே வருகிறது. அது மேஜையைச் சாய்த்தது, நாற்காலிகளை மிதித்தது, ஒரு விருந்தாளியின் கார்க் கதவில் முட்டியது. முதலாளி ஆபீஸ் படியில் நின்று கத்தினார். அத்தனை பேர் பார்க்க ஒரு பெரிய ரைஃபிளின் சொந்தக்காரராக இருக்கும் வாய்ப்பு அவருக்கு வாழ்க்கையில் அன்றுதான் வந்தது.

"சுடுடா! எதுக்கு உன்ன வெச்சிருக்கேன்? சுடு!"

நீ கீழே விழுந்த ரைஃபிளை எடுத்தாய். குங்குமப் பொட்டோடு இருந்த மூன்று தோட்டாக்களையும் பொறுக்கி உள்ளே போட்டாய். தோளில் வைத்தாய். மேலே கேபினிலிருந்து உன் முழு உருவமும் எனக்குத் தெரிந்தது. நான் பல வருடம் கிண்டல் செய்த உன் தொந்தி காணாமல் போயிருந்தது. காலிலிருந்து தலைவரை நீ வேறு ஆளாக நின்றாய். பேபி திரும்பி உன்னைப் பார்த்து நின்றது. அறுபது அடி இருக்கும். உன் வாழ்நாள் முழுக்க நீ படித்ததெல்லாம் அந்த அறுபது அடிக்குத்தான்.

நீ பத்து எண்ணும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டாய். பிறகு துப்பாக்கியை இறக்கினாய்.

"இத்த இங்க சுடக்கூடாது சார்."

"என்னடா சொல்ற?"

"தாத்தா யானைக்கு வாங்கன தோட்டா சார் இது. கெட்டி குண்டு. மாட்டுக்குள்ள நிக்காது. மாட்டத் தாண்டிப் போவும். பின்னாடி பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். பேபிக்குப் பின்னால் ரசாயனம் நிரம்பிய டேங்க் கன்டெய்னர்கள் இரண்டு வரிசை. அவற்றுக்கு முன்னால், தலைமுடி அவிழ்ந்து, "அய்யோ என் பேபி, அட்ச்சிடாதீங்க சாமி" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிற கன்னியம்மா.

"நான் சொல்றேன், சுடு" என்றார் முதலாளி. இப்போது அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நீ போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தாய். சுடாத தோட்டா வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். எல்லோர் எதிரிலும் நடந்துபோய் ரைஃபிளை அலமாரியில் வைத்துப் பூட்டினாய். சாவியை முதலாளி கையில் கொடுத்தாய். அப்புறம் தரையில் சிதறிக்கிடந்த பொரியை ஒரு கை அள்ளிக்கொண்டு கன்னியம்மாவிடம் போனாய். அவள் பொரியைக் காட்டி, "வா தாயி, வா கண்ணு" என்று கூப்பிட, நீ பக்கவாட்டில் போய்க் கொம்பிலிருந்த வாழைக்கன்றை எடுத்துவிட்டாய். பேபி அப்படியே நின்றுவிட்டது. அதன் தொடை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி மூன்று வண்டிகளையும் அண்ணாந்து பார்த்தார். "எவன்டா ஹாரன் அடிச்சது?"

மூன்று டிரைவர்களும் குனிந்து ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டோம்.

"கேட்டு என் பொறுப்பு சார்" என்றாய் நீ. "மாட்ட உள்ள வுட்டது நான்தான். அவங்கள வுட்டுடுங்க."

அன்று மாலையே உனக்குக் கணக்குத் தீர்த்தார்கள். கேட்டைத் திறந்து போட்டான், சொன்னதைச் செய்யவில்லை என்று காரணம். கேட்டைத் திறக்கச் சொன்னது யார் என்று யாருக்கும் நினைவில்லை. லைசன்ஸிலிருந்து உன் பெயரை அடித்தார்கள். சட்டைப்பையிலிருந்த அந்த ஜெராக்ஸை நீ நாலாக மடித்துக் கிழித்ததை நான் பார்த்தேன். அந்த நோட்டை எவரும் படிக்கவில்லை. அது எருமைக்காலில் மிதிபட்டு, பூசணிக்காயோடு குப்பைக்குப் போனது.

அதன் பிறகு மாதவரத்தில் ஒரு கல்யாண மண்டபம், பெரம்பூரில் ஒரு அடுக்கு வீடு என்று நீ வாசலில் காவல் காத்தாய். ரைஃபிளைத் திரும்பத் தொடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலடிப்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்தால், அந்தப் பழைய வழக்கு மட்டும் நடக்கும். நான் ஃபைவ் செவன்டி செவன் என்பேன். நீ என் தோள்பட்டையை ராயபுரத்துக்கு அனுப்புவாய்.

அந்த வீட்டில்தான் நான் இன்னொன்றையும் பார்த்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வெளியே கிளம்பும்போது தேவி கேட்பாள். பள்ளிக்கூடத்தில் 'கேட்டைத் தெறந்து வுட்டவர் பொண்ணு' என்று அவளைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவள் கேட்பாள்.

"அப்பா, பூட்னியா?"

"பூட்டிட்டேம்மா."

"இழுத்துப் பாத்தியா?"

நீ திரும்பி நடந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாய். கல்யாணமாகி அவள் போன பிறகும், வரும்போதெல்லாம் கேட்டாள். உனக்குத் தலை நரைத்தது, அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. நீ ஒருமுறைகூட, "அன்னிக்கு கேட்ட தெறக்கச் சொன்னதே மொதலாளிதாம்மா" என்று சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும் என்று நினைத்தாயா? மாடு உள்ளே வந்ததாலா மிரண்டது என்று அவள் கேட்டிருப்பாள். புத்திசாலிப் பெண். நான் அப்போதெல்லாம் செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருப்பேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, நீ என்னைக் கிட்டே வரச் சொன்னாய். பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்கியது.

"மாமு. கடேசியா இன்னா சொல்ற?"

எனக்குப் புரிந்தது. "த்ரீ செவன்டி ஃபைவ்தான் மாமு. நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

நீ என்னை வெகுநேரம் பார்த்தாய். "பொய் சொல்லாத" என்றாய்.

தோட்டாவைப் பற்றித்தான் சொன்னாயா? கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சொல்லிவிடலாம் என்று உன் காதருகே குனிந்தேன். அதற்குள் நர்ஸ் வந்து, "பேஷண்ட்ட பேச வெக்காதீங்க சார்" என்று வெளியே அனுப்பிவிட்டாள். அவளுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன் மாமு.

ஸ்டாக்கரை விட்டு இறங்கி வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது ஒரு பழைய ஸ்கூட்டர்தான். அதில் என் இடது கட்டைவிரல் ஹாரன் பக்கம் போனால் அங்கேயே நின்றுவிடும். லாரி பக்கத்தில் உரசினாலும் சரி, மாடு குறுக்கே நின்றாலும் சரி, காலை ஊன்றிக் காத்திருப்பேன். பின்னால் வருகிறவர்கள் என் பரம்பரையையே திட்டுவார்கள். நான் வாங்கிக்கொள்வேன். இது ஒன்றை மட்டும் யாருக்கும் கதையாகச் சொன்னதில்லை.

நாளை பந்தி முடிந்ததும் எழுந்து நிற்பேன். யானை கேட்பார்கள். நீந்தி வந்தது, கப்பலை முட்டியது, ஏழு குண்டு, ரயில் நின்றது, எல்லாம் பொய் என்று வரிசையாக ஒப்புக்கொள்வேன். அவர்கள் அதற்கும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பேன். அப்புறம் தேவியை மட்டும் பார்த்து, அப்பா எதையும் திறந்து போடவில்லை என்று சொல்லிவிட்டு, இந்தக் கதையில் ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம் என்பேன். எல்லோரும் பீலா என்று கத்துகிற இடம். சும்மா விளையாட்டுக்கு, மாடு எப்படித் துள்ளும் என்று பார்க்க, ஹாரனை நான்தான் அடித்தேன்.

அது மெய்யாலுமே நடந்தது, மாமு.